விழுங்கிய இருமல்

எங்கள் அறையில் மூன்று டாக்டர்கள் வேலை செய்கிறோம். மூன்று பேருமே நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பது மட்டும்தான் வேலை. தொலைவில் இருக்கிற சின்னச் சின்ன சுகாதார நிலையங்களில், காய்ச்சலும் மூச்சிரைப்புமாக வரும் குழந்தைகளின் முதுகில் நர்ஸுகள் டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, உள்ளே ஓடும் மூச்சைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். டப்பா மூடி அளவுக்கு ஒரு வட்டு. அதை செல்போனோடு இணைத்திருப்பார்கள். பதிவு முடிந்ததும் அது தன் பங்குக்கு ஒரு விளக்கைக் காட்டும். பச்சை என்றால் நெஞ்சு சுத்தம், சிவப்பு என்றால் நிமோனியா சந்தேகம். மெஷின் சொன்ன சொல்லை மட்டும் நம்பி ஒரு குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றும் துணிச்சல் யாருக்கும் இன்னும் வரவில்லை. அதனால் எங்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒரு பதிவை முதலில் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் விஷயம் முடிந்தது. ஆளுக்கொன்றைச் சொன்னால் பஞ்சாயத்து என்னிடம் வரும். நான் சொல்வதுதான் முடிவு.

முதல் ஆள் இளைஞன். அவனுக்கு நான் வைத்த பெயர் அவசரம். பதிவு பாதி ஓடும்போதே பட்டனை அழுத்திவிடுவான், அதிலும் பெரும்பாலும் சரியாகத்தான் அழுத்துவான், எரிச்சலே அதுதான். இரண்டாவது ஆள் நிதானம். அவள் ஒரு பதிவைக் கேட்டு முடிப்பதற்குள் நான் டீ குடித்து, டம்ளரைக் கழுவி, கவிழ்த்தும் வைத்துவிடலாம். இரண்டு பேரும் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. நல்ல பெயராக இருக்காது.

இதற்கு முன்னால் நான் குழந்தைகள் வார்டில் இருந்தேன். அங்கே எனக்கு அலுத்துப்போனது நோயோ குழந்தைகளோ இல்லை, பெற்றோர்கள். ஸ்டெதஸ்கோப் என் காதில் இருக்கும்போதுதான் பேச ஆரம்பிப்பார்கள். அதுவரை வாய் திறக்காத அப்பன்கூட, நான் குழந்தையின் நெஞ்சில் வைத்த நொடியில், நேற்று என்ன சாப்பிட்டது என்று தொடங்குவான். கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது. இந்த அறையில் அந்தத் தொல்லை இல்லை. நிலையங்களுக்கு நாங்கள் ஃபோன் செய்யக்கூடாது என்பது விதி. பேசினால் நர்ஸின் கருத்து நம் காதில் ஏறிவிடுமாம். திரையில் மூன்று பட்டன்கள் உண்டு: நிமோனியா சத்தம் இருக்கிறது, இல்லை, பதிவு பயன்படாது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது.

வருகிற பதிவுகளில் கால்வாசி பயன்படாது. குழந்தை வீறிட்டு அழும், வட்டு சட்டையில் உரசும், யாராவது கதவைச் சாத்துவார்கள், பக்கத்தில் மின்விசிறி தடதடக்கும். ஒரே ஒரு நிலையத்திலிருந்து மட்டும் பதிவுகள் துடைத்துவைத்த மாதிரி வரும். அங்கே உள்ள நர்ஸுக்கு எங்கள் அறையில் தாலாட்டு என்று பெயர். அவளிடம் போகும் குழந்தைகள் எல்லாம் தூங்கிவிடும். எப்படி என்று மேலதிகாரிகள் கேட்டதற்கு அவள் செய்கிற முறையைச் சொன்னாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி, அம்மாவோ அப்பாவோ யார் வந்திருக்கிறார்களோ அவர்கள் மார்பின் மேல், தோலோடு தோல் படும்படி, குப்புறப் படுக்க வைப்பாள். விசிறியை அணைப்பாள். கதவைச் சாத்துவாள். குழந்தை கண் அசந்ததும் முதுகில் நான்கு இடங்களில் வட்டை வைத்துப் பதிவு எடுப்பாள். நாங்கள் மூவரும் சேர்ந்து இதை ஆகா ஓகோ என்று பாராட்டினோம். மற்ற நிலையங்களும் இப்படியே செய்யட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அவர்களும் செய்யத் தொடங்கினார்கள். அழுகைச் சத்தம் குறைந்தது. அவசரம்கூட ஒரு வாரம் சிரித்த முகமாக இருந்தான்.

அன்றைக்குத் தாலாட்டிடமிருந்து ஒரு பதிவு வந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவள் தன் மெல்லிய குரலில் விவரம் சொல்வாள். "பெண் குழந்தை. ஒன்றரை வயசு. காய்ச்சல், சளி. இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு தடவை நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியில இருந்திருக்கு. வலது முதுகு, மேல்." அதற்குப் பிறகு மூச்சு மட்டும். மெஷின் சிவப்பு காட்டியிருந்தது. நிலையத்து வண்டி மத்தியானம் ஒரு முறைதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும், குழந்தையை அதில் ஏற்றுவதா வேண்டாமா என்று காத்திருக்கிறோம் என்ற குறிப்பும் வந்திருந்தது.

"சந்தேகமே இல்ல டாக்டர். நெருநெருன்னு கேக்குது. உடனே அனுப்பணும்," என்றான் அவசரம். முடிவு வரும்வரை பேசக்கூடாது என்கிற விதி அவனுக்கு மட்டும் கிடையாது.

நிதானம் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே தலையை ஆட்டினாள். "குழந்தையோட மூச்சு சுத்தமா இருக்கு. உனக்குக் கேக்குறது ஏதோ வெளிச் சத்தம்."

"எனக்கே காது குத்துறியா? வெளிச் சத்தம் இப்படியா இருக்கும்?"

"நான் இல்லைன்னுதான் போட்டிருக்கேன்."

"நான் இருக்குன்னு போட்டிருக்கேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

நெருநெரு இருக்கத்தான் செய்தது. காதருகே கொஞ்சம் முடியை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் ஒரு சத்தம் வருமே, அதேதான். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் இப்படித்தான் கேட்கும். அவசரத்தின் மேல் தப்பில்லை. ஆனால் நிமோனியா என்றால் ஏதாவது ஓர் இடத்தில் சத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே குழந்தையின் முதுகில் நான்கு இடத்திலும் ஒரே அளவு கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். குழந்தை மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இடது கை விரலால் மேசையைத் தட்டினேன். நெருநெரு வரும்போதெல்லாம் வலது கை விரலால் தட்டினேன். நெருநெரு குழந்தையுடையது என்றால் இரண்டு விரலும் சேர்ந்து விழ வேண்டும். விழவில்லை. இடது விரல் பரபரவென்று ஓடியது. வலது விரல் அதன் போக்கில் நிதானமாக வந்தது. கொஞ்ச நேரம் சேர்ந்துகொள்ளும், மறுபடி பிரியும். ஒரே நெஞ்சில் இரண்டு வேகத்தில் மூச்சு ஓட முடியாது.

அப்புறம் அது கேட்டது. மூன்றாவது இடத்துப் பதிவில், தொண்டையில் 'க்' என்று ஒரு இருமல் எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றது. அதைத் தொடர்ந்து எச்சில் விழுங்கும் சத்தம். பிறகு நீண்ட நேரம் மெதுவாக விடப்பட்ட ஒரு மூச்சு.

என் இருபது வருட வார்டு வாழ்க்கையில் ஒன்றரை வயதுக் குழந்தை இருமலை அடக்கி நான் கண்டதில்லை. குழந்தைக்கு இருமல் வந்தால் இருமும். கூச்சமோ நாசூக்கோ அதற்குத் தெரியாது. இருமலை விழுங்குவது பெரியவர்கள் செய்கிற காரியம்.

"ரெண்டு பேரும் சரி," என்றேன். "ஆளுக்கொரு ஆளைக் கேட்டிருக்கீங்க."

அவசரத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிதானத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை படுத்திருந்த மார்பும் எங்களுக்குக் கேட்டிருக்கிறது. தோலோடு தோல் ஒட்டியிருந்ததால் பெரிய நெஞ்சின் சத்தம் சின்ன முதுகு வழியாக ஏறி வந்திருக்கிறது.

திரையில் எந்தப் பட்டனை அழுத்துவது? இருக்கிறது என்றால் ஒன்றுமில்லாத குழந்தையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி, நோயாளிக் குழந்தைகளுக்கு நடுவில் போடுவார்கள். இல்லை என்றால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், குழந்தை மறுபடி அதே மார்பில் தூங்கும். பயன்படாது என்றால் மறுபடி எடுக்கச் சொல்லித் தாலாட்டுக்குச் செய்தி போகும், அவளும் மறுபடி அதே மார்பில்தான் படுக்க வைப்பாள். ஆபீஸ் பையனை விட்டு நிலையத்தின் நம்பரை வாங்கினேன். நிதானம் விதியை ஞாபகப்படுத்தினாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஃபோனை எடுத்தது அதே மெல்லிய குரல். நான் யார் என்று சொன்னதும் பயந்துவிட்டாள்.

"பதிவு சரியா வரலையா டாக்டர்?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. குழந்தை எதுமேல படுத்திருந்தது?"

"அவங்கப்பா மேல. நாங்க எப்பவும் அப்படித்தானே..."

"தெரியும். ஸ்பீக்கர்ல போடுங்க. குழந்தையைத் தனியா மேசைமேல படுக்க வச்சு இன்னொரு தடவை எடுங்க. நான் இப்பவே கேக்குறேன்."

"அழுமே டாக்டர்."

"அழட்டும். அழுகைக்கு நடுவுல மூச்சை இழுக்கும்ல, அது போதும் எனக்கு."

அதற்குள் ஒரு ஆண் குரல் குறுக்கே வந்தது. அப்பாதான். "டாக்டர், வண்டி கிளம்பப் போகுது. ஏத்தவா வேணாமா, அத மட்டும் சொல்லிடுங்க. போன தடவை மூக்குல குழாய் வச்சாங்க. குழாயோட என்னையே பாத்துட்டு படுத்திருந்துச்சு. இன்னொரு தடவை அப்படிப் பாக்க என்னால முடியாது. ஆனா ஏத்தணும்னா ஏத்திடறேன். அவங்கம்மா வெளியூர்ல வேலைல இருக்கா, அவளுக்கும் சொல்லணும்..."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க," என்றேன். இவ்வளவு வருடம் கழித்து அந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது எனக்கே ஆச்சரியம்.

பதிவு நேரடியாக என் காதுக்கு வந்தது. குழந்தையை மார்பிலிருந்து எடுத்து மேசையில் போட்டதும் ஊரைக் கூட்டியது. ஹெட்ஃபோன் அதிர்ந்தது. அழுகிற குழந்தையைக் கேட்க முடியாது என்று பாதி டாக்டர்கள் கை விரித்துவிடுவார்கள். கத்தி முடித்து, அடுத்த கத்தலுக்காக அது அடிவயிறு வரை காற்றை இழுக்கும் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் நுரையீரல் முழுக்கத் திறக்கும். அதற்காகக் காத்திருந்து கேட்டேன். நான்கு இடத்திலும் கேட்டேன். பிறகு நர்ஸிடம் சொல்லி முன்பக்கமும் கேட்டேன். சுத்தமாக இருந்தது. ஒரு நெரு கூட இல்லை.

"மெஷின் என்ன சொல்லுது?" என்றேன்.

"சத்தம் அதிகம், மறுபடி எடுன்னு சொல்லுது டாக்டர்."

"அது கிடக்கட்டும். மூச்சை எண்ணிப் பாத்தீங்களா? நெஞ்சு உள்வாங்குதா?"

"எண்ணினேன். வயசுக்குச் சரியாத்தான் இருக்கு. நெஞ்சு இழுக்கல. பாலும் குடிச்சுது. எனக்கே குழப்பமா இருந்தது, ஆனா சிவப்பு வந்துடுச்சு..."

"குழந்தைக்கு நிமோனியா இல்ல. சாதாரண சளிதான்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டது. அப்பா எழுந்திருப்பான், அல்லது உட்கார்ந்திருப்பான். "இல்லையா?" என்றான். நான் இல்லை என்றேன். மறுபடியும், "இல்லைதானே?" என்றான். நான் மறுபடியும் இல்லை என்றேன். சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. குழந்தை விழித்துத்தானே இருக்கிறது, இனி அடக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது. அடியிலிருந்து வந்த ஈரமான இருமல், நிற்க வெகுநேரம் ஆனது.

"மெஷின்தான் கெட்டுப்போச்சு போல," என்றான், இருமி முடித்து. "ரொம்ப நன்றி டாக்டர். வண்டியைப் போகச் சொல்லிடட்டுமா?"

"வேணாம், நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. உங்களுக்கு எவ்வளவு நாளா இந்த இருமல்?"

"இதுவா? இது தூசி இருமல். கல் அறுக்கிற வேலை எனக்கு. எங்க பட்டறையில எல்லாருக்கும் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கும்."

"உடம்பு இளைச்சிருக்கா? சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா?"

நர்ஸ்தான் பதில் சொன்னாள். "போன தடவை வந்தப்ப இருந்ததுக்கு இப்ப பாதியா இருக்கார் டாக்டர்."

"அவர் முதுகுல வட்டை வைங்க."

"யார் முதுகுல?"

"அப்பா முதுகுல."

கொஞ்ச நேரம் ஏதோ குசுகுசுப்பு. பிறகு நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வயசு கேக்குது டாக்டர். அஞ்சு வயசுக்கு மேல போட்டா மெஷின் திறக்கவே மாட்டேங்குது."

"நாலுன்னு போடுங்க."

போட்டாள். நான்கு வயது ஆண் குழந்தை என்று அதன் பாட்டுக்கு ஒரு பதிவு பிறந்தது. எனக்கு நேரடியாகவும் வந்தது, வரிசைப்படி அவசரத்தின் திரைக்கும் போனது. அவன் பாதி கேட்டுவிட்டு வழக்கம்போலக் கத்தினான். "டாக்டர், இது என்ன நாலு வயசு? மீசை வச்ச குழந்தையா?" நிதானம் அவன் தோளில் ஒன்று வைத்தாள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தான்.

அதே நெருநெரு. இப்போது தடுப்பதற்கு நடுவில் குழந்தை இல்லாததால் முழுசாகக் கேட்டது. வலது பக்கம் மேலே அதிகம். அங்கே ஓரிடத்தில் மூச்சு குழாய்க்குள் ஊதியதுபோல ஒலித்தது. மெஷின் சிவப்பு காட்டியது. அது முதலிலும் பொய் சொல்லவில்லை. யாருடைய நெஞ்சு என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கல் தூசியிலேயே நிற்க வைத்த பட்டறைக்காரன் மேலா, இருமலைத் தூசி என்று ஒதுக்கிய இவன் மேலா, எல்லா நிலையத்திலும் இப்படியே செய்யுங்கள் என்று கையெழுத்துப் போட்ட எங்கள் மேலா. எல்லோர் மேலும்தான். ஆனால் ஃபோனில் இருப்பவனிடம் காட்டக்கூடிய கோபம் இல்லை அது.

"கேளுங்க," என்றேன். "கோளாறு உங்க நெஞ்சுலதான். குழந்தை உங்கமேல படுத்திருந்ததால உங்க சத்தம் அதுல விழுந்திருக்கு. நிமோனியாவா இருக்கலாம், காசநோயா இருக்கலாம், தூசி சேர்ந்ததா இருக்கலாம். படம் எடுத்து, சளியைச் சோதிச்சாத்தான் தெரியும். அந்த வண்டியில நீங்க போகணும், இன்னிக்கே."

"சரி," என்றான், சட்டென்று. அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "பாப்பாவுக்கு இல்லல்ல. அது போதும். என்னைப் பாத்துக்கலாம். அதையும் கூட்டிட்டே போயிடறேன்."

"குழந்தை உங்ககூட வரக்கூடாது."

"என்னை விட்டா இருக்காது டாக்டர். ராத்திரி என்மேலதான் தூங்கும். அவங்கம்மா வெளியூர் போனதுலேருந்து அப்படித்தான். வேற எங்க போட்டாலும் முழிச்சுக்கும்."

"அதனாலதான் சொல்றேன். காசநோயா இருந்தா மூச்சு வழியா அதுக்கு ஒட்டும். சோதனை முடிவு வர்ற வரைக்கும் நீங்க அதைத் தூக்கக்கூடாது. முடிவு வந்ததும் அதையும் சோதிக்கணும்."

அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மூச்சு கேட்டது, அதிலிருந்த நெருநெருவை இப்போது ஃபோனிலேயே நான் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டான்.

"அப்ப போன தடவை வந்துச்சே. அந்தக் குழாய் வச்சாங்களே. அதுவும் என்னாலதானா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பூசி மெழுக எனக்கும் தெரியும், வார்டில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அவன் முகத்தை நான் பார்க்கப்போவதில்லை, அவனும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. ஒரு வார்த்தைதான்.

"தெரியாதுங்க," என்றேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது."

"நர்ஸம்மா," என்றான் அவன். குரல் ஃபோனுக்கு எட்டத்திலிருந்து வந்தது. "பாப்பாவைப் பிடிங்க."

அதன் பிறகு என்னிடம் யாரும் பேசவில்லை. தாலாட்டு கை ஓடாமல் இருந்திருப்பாள், ஃபோனை வைக்க மறந்துவிட்டாள். நான் வைத்திருக்கலாம். கேட்பதுதானே வேலை, கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஒன்றைத் திறந்தார்கள். அவனுக்கு முகமூடி கொடுத்தார்கள். பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் வேலை செய்யும் அவன் அக்காவுக்கு ஆள் போயிற்று. வெளியே வண்டிக்காரர் ஒருமுறை ஹார்ன் அடித்தார், நர்ஸ் வாசலுக்குப் போய் அவரை ஒரு அதட்டு அதட்டினாள். அந்த மெல்லிய குரலுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எங்களுக்குத் தெரியாது. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அழுகையின் நடுவே அப்பா என்று சொல்ல அதற்குப் பாதிதான் வந்தது. ப்பா, ப்பா என்றது.

அக்கா வந்தாள். வந்த வேகத்தில் தம்பியைத் திட்டினாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று வாய்க்கு வந்தபடி. திட்டிக்கொண்டே குழந்தையை வாங்கியிருப்பாள், அழுகை இடம் மாறியது. அவன் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. முகமூடிக்குள்ளிருந்து அவன் குரல் மங்கிக் கேட்டது.

"அக்கா, முதுகுல தட்டாத. தட்டினா முழிச்சுக்கும். நெஞ்சுமேல போட்டுக்க, தலையை இடது பக்கம் வை. காதை லேசாத் தடவிட்டே இரு. தூங்கிட்டா உடனே கீழ விட்டுடாத, கொஞ்ச நேரம் அப்படியே இரு. உனக்குச் சளி கிளி இல்லையே?"

"இல்லடா."

"இருமல் வந்தா அடக்கிக்க. அசையாத."

"நீ போ, வண்டி நிக்குது."

அதற்கு மேல் கேட்கவில்லை. யாரோ ஃபோனைக் கவனித்து வைத்துவிட்டார்கள்.

அவசரம் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நிதானம் எனக்கு டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள், நான் கேட்கவில்லை. குழந்தையைப் பெரியவர்கள் மேல் படுக்க வைத்து எடுத்த பதிவுகளை எல்லாம் மறுபடி கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். எத்தனை அப்பாக்களை, எத்தனை அம்மாக்களை நாங்கள் குழந்தை என்று நினைத்துக் கேட்டோமோ தெரியாது. இருவரும் சரி என்றார்கள். அவசரம்கூடப் பாதியில் குறுக்கிடவில்லை.

அந்த முதல் பதிவு இன்னும் என் திரையில் முடிவு சொல்லப்படாமல் நின்றது. அதை முடித்தாக வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவரின் மூச்சு கலந்திருந்தால் அந்தப் பதிவு பயன்படாது என்பதுதான் விதி, அந்தப் பட்டனை அழுத்தினால் அது அழிந்துவிடும். அழுத்துவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டேன். மருத்துவத்துக்காக இல்லை, அதெல்லாம் கேட்டு முடிந்துவிட்டது. இருமல் ஏறுவதையும், அவன் அதைத் தொண்டையில் நிறுத்தி விழுங்குவதையும் கேட்டேன். இந்த முறை கவனித்தபோது மற்ற இடங்களிலும் அது இருந்தது, எங்கள் மூவருக்கும் தப்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், நெருநெரு நின்றுவிடுகிறது, அந்த இடைவெளியில் குழந்தையின் மூச்சு மட்டும் தனியாகக் கேட்கிறது. அது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசிவரை கேட்டுவிட்டு, பதிவு பயன்படாது என்பதை அழுத்தினேன்.